50 டாலருக்கு ஓர் ஆட்டம்

அன்புள்ள ஐயா,

நீங்கள் ஒருமுறை சொன்னதால் 'வாட்ஸ் மை லைன்?' என்ற அமெரிக்கத் தொலைக்காட்சி நிகழ்ச்சியின் பழைய எபிசோடுகளை யூடியூபில் பார்க்கிறேன். பிரபலங்கள் வரும் பகுதி பிடிக்கிறது. மற்றபடி யாரோ ஒருவர் வந்து உட்கார்கிறார், அவர் தொழில் என்ன என்று நாலு பேர் கேள்வி கேட்கிறார்கள், அதிகபட்சப் பரிசு 50 டாலர். இதை வைத்துக்கொண்டு 1950 முதல் 1967 வரை எப்படி ஓட்டினார்கள்?

கே.

அன்புள்ள கே.,

50 டாலர் என்பதால்தான் ஓடியது என்பேன். அதே காலத்தில் பெரும் பணம் கொடுத்த வினாடி வினா நிகழ்ச்சி 'ட்வென்டி ஒன்' என்ன ஆனது? அதில் வாரக்கணக்கில் ஜெயித்த சார்லஸ் வான் டோரன், தனக்குப் பதில்கள் முன்கூட்டியே தரப்பட்டதாக 1959இல் அமெரிக்க நாடாளுமன்றக் குழு முன்னால் ஒப்புக்கொண்டார். இங்கே கேள்விக்கு 'இல்லை' என்று பதில் வந்தால் தொழிலை மறைப்பவருக்கு 5 டாலர், பத்து 'இல்லை' வந்தால் ஆட்டம் முடிந்தது. இதற்குப் போய் யார் மெனக்கெட்டுத் தில்லுமுல்லு செய்வார்கள்?

அந்த 'யாரோ ஒருவரை' ஓட்டிவிட்டுப் பார்க்காதீர்கள். அவர் தொழில் திரையில் எழுத்தாக நமக்குத் தெரிந்துவிடும், கேட்பவர்களுக்குத் தெரியாது, அதனால் அவர்கள் வெள்ளந்தியாகக் கேட்கும் கேள்விக்குக்கூட அரங்கம் சிரிக்கும், ஏன் சிரிக்கிறார்கள் என்று புரியாமல் அவர்கள் விழிப்பார்கள். கேட்பவர்களில் டோரதி கில்காலன் மட்டும் அசர மாட்டார், பத்திரிகைக்காரர் அல்லவா, குறுக்கு விசாரணைதான். நடத்துநர் ஜான் டேலியும் செய்தியாளர்தான், பேர்ல் ஹார்பர் தாக்குதலை சிபிஎஸ் வானொலியில் அறிவித்தவர். ஆம், இல்லை என்று முடிக்க வேண்டிய இடத்தில் அவர் ஒரு நீண்ட வாக்கியத்தை ஆரம்பித்து, வளைத்து, நிபந்தனை போட்டு முடிக்கும்போது கேட்டவருக்குத் தன் கேள்வியே மறந்திருக்கும். எனக்கு அந்த மனிதரின் வாக்கியங்களுக்காகவே பார்க்கலாம் என்று தோன்றும்.

பிரபலங்கள் பகுதி எனக்குக் கொஞ்சம் அலுப்புதான். கண்ணைக் கட்டிக்கொண்டவர்கள் முன்னால் குரலை மாற்றிப் பேசுகிறார்கள், எத்தனை தடவை பார்ப்பது? 1957இல் வந்த ஓவியர் சால்வடார் டாலி விதிவிலக்கு. எழுத்தாளரா, மேடையில் தோன்றுபவரா, எதைக் கேட்டாலும் 'ஆம்'. அவரைப் பொறுத்தவரை எல்லாமே உண்மைதான். டேலி குறுக்கே புகுந்து திருத்த வேண்டியதாயிற்று.

அப்புறம், இதே கோஷ்டியான குட்சன்-டாட்மன் தயாரித்த 'ஐ'வ் காட் எ சீக்ரெட்' நிகழ்ச்சியில் 1956இல் வந்த சாமுவேல் சீமோரையும் பாருங்கள். தொண்ணூறு வயது தாண்டிய கிழவர். லிங்கன் சுடப்பட்ட இரவில் ஐந்து வயதுப் பையனாக அந்த நாடக அரங்கில் இருந்தவர். சுட்டவன் மேலேயிருந்து விழுந்தபோது, அவனுக்கு அடிபட்டிருக்குமே என்றுதான் அந்தப் பையன் கவலைப்பட்டிருக்கிறான். சிகரெட் கம்பெனி விளம்பரத்தில் நடந்த நிகழ்ச்சி அது, ஆனால் இவர் பைப் பிடிப்பவர் என்பதால் 80 டாலரோடு ஒரு டப்பா பைப் புகையிலை கொடுத்து அனுப்பினார்கள். அடுத்த சில வாரங்களில், ஏப்ரலில், இறந்துவிட்டார்.