திருவாடானைச் சிறை – கடிதமும் பதிலும்

அன்புள்ள சார்,

எனக்குச் சொந்த ஊர் திருவாடானை. 1942 ஆகஸ்டில் எங்கள் ஊர்ச் சிறையை மக்கள் உடைத்துச் சுதந்திரப் போராட்ட வீரர் சின்ன அண்ணாமலையை விடுவித்ததை ஒவ்வொரு சுதந்திர தினத்திலும் யாராவது மேடையில் சொல்வார்கள். ‘பட்டப்பகலில் மக்களே சிறையை உடைத்தது உலகத்திலேயே அதுதான் முதல் தடவை’ என்றும் சேர்த்துக்கொள்வார்கள். சென்னையில் ஒரு நண்பரிடம் இதைப் பெருமையாகச் சொன்னேன். அவர் சிரித்துவிட்டு, ‘புழல் ஜெயிலைப் பார்த்திருக்கிறாயா? அதைக் கூட்டம் கூடி உடைக்க முடியுமா?’ என்றார். என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

க.

அன்புள்ள க.,

உங்கள் நண்பர் நினைப்பது மத்திய சிறையை. திருவாடானையில் இருந்தது சப் ஜெயில், அதாவது கிளைச் சிறை. தாலுகா கச்சேரி என்கிற தாலுகா அலுவலகத்தின் ஓர் உறுப்பு. பழைய சென்னை மாகாணத்துத் தாலுகா ஊர்கள் எதையாவது சுற்றிப் பாருங்கள். தாசில்தார் அலுவலகம், கஜானா, சப் மாஜிஸ்திரேட் கோர்ட், சப் ஜெயில் எல்லாம் பெரும்பாலும் ஒரே வளாகத்தில் இருக்கும், இல்லாவிட்டால் கூப்பிடு தூரத்தில். அதில் சிக்கனம் இருந்தது. வசூலான பணத்துக்குப் பாரா நிற்கும் போலீஸ்காரர்களே கைதிகளையும் பார்த்துக்கொள்ளலாம். கைதிகளை வெகுதூரம் நடத்தாமல் கோர்ட்டுக்குக் கொண்டுபோகலாம்.

உள்ளே இருந்தவர்கள் விசாரணைக் கைதிகளும் குறுகிய காலத் தண்டனைக்காரர்களும்தான். பெரிய தண்டனை என்றால் மதுரைக்கோ திருச்சிக்கோ அனுப்பிவிடுவார்கள். ஆக, ஆடு திருடியவன் ஓடிவிடாமல் இருக்கப் போதுமான பூட்டுதான் சப் ஜெயிலில் இருந்தது. ஆயிரக்கணக்கானவர்கள் திரண்டு வருவார்கள் என்று நினைத்து யாரும் அதைக் கட்டவில்லை.

அதே வருஷம் நவம்பரில் சோஷலிஸ்ட் தலைவர் ஜெயப்பிரகாஷ் நாராயண், அன்றைய பீகாரின் ஹசாரிபாக் மத்திய சிறையிலிருந்து தோழர்களோடு தப்பினார். தீபாவளி ராத்திரி, வேட்டிகளை முடிச்சுப்போட்டு, ரகசியமாக மதில் ஏறினார்கள். அங்கே அப்படித்தான் முடியும். திருவாடானையில் மக்கள் நேராக வாசலுக்கே போனார்கள்.

காலமும் சேர்ந்துகொண்டது. ஆகஸ்ட் 8 பம்பாயில் காங்கிரஸின் ‘வெள்ளையனே வெளியேறு’ தீர்மானம், மறுநாள் விடியும்போதே காந்தியும் மற்ற தலைவர்களும் கைது. நிதானமாக இருங்கள் என்று சொல்லக்கூடிய பெரியவர்கள் எல்லாம் உள்ளே போய்விட்டார்கள். வெளியே மிச்சமிருந்தவர்கள் சின்ன அண்ணாமலை மாதிரி உள்ளூர்ப் பேச்சாளர்கள். அவருக்கு அப்போது 22 வயது. தேவகோட்டை வட்டாரம் ஏற்கெனவே கொதித்துக்கொண்டிருந்தது. அங்கே கோர்ட்டே எரிந்தது. நாடு முழுக்கத் தந்திக் கம்பிகள் அறுபட்ட, தண்டவாளங்கள் பெயர்ந்த மாதம் அது. அப்படிப்பட்ட நேரத்தில் சின்னத் தாலுகா ஊரில் நாலைந்து துப்பாக்கியோடு நிற்கிற பாராக்காரர் யாரை நம்பி எதிர்த்து நிற்பார்?

அப்புறம் அந்த ‘உலகத்திலேயே முதல் தடவை’. அதை விட்டுவிடுங்கள். பாரிஸ் மக்கள் பாஸ்டில் கோட்டைச் சிறையைத் தாக்கிப் பிடித்தது 1789 ஜூலை 14, அதுவும் பகலில்தான். அன்று உள்ளே இருந்த கைதிகள் மொத்தமே 7 பேர். உங்கள் ஊர்க் கதைக்கு இந்த முதலிடம் எல்லாம் தேவையில்லை. அதைச் சொல்வதால்தான் கேட்கிறவர்கள் மீதியையும் சந்தேகப்படுகிறார்கள்.

என்னுடைய ஆதங்கம் வேறு. மேடையில் ஒரே ஒரு பெயர்தான் வருகிறது. சின்ன அண்ணாமலை பிற்பாடு சென்னைக்குப் போய்த் தமிழ்ப் பண்ணை பதிப்பகம் நடத்தினார், எழுதினார், அதனால் நமக்குத் தெரியவந்தார். கதவை உடைத்தவர்கள் யார்? எந்தெந்த ஊரிலிருந்து நடந்து வந்தார்கள்? பிறகு போலீஸ் தேடி வந்தபோது எந்த வீட்டு ஆண்கள் எங்கே ஒளிந்தார்கள்? சிறைக்குள் வேறு கைதிகள் இருந்திருந்தால், கதவு திறந்ததும் அவர்கள் என்ன செய்தார்கள்? இதையெல்லாம் கேட்டு எழுத உள்ளூர்க்காரர் ஒருவர் வேண்டும்.

நீங்கள் செய்யலாம். எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் 1942, 43 அரசாணைகளைக் கேளுங்கள். ஒரு விஷயத்தை மறந்துவிடாதீர்கள். அன்று தேவகோட்டையும் திருவாடானையும் ஒரே ராமநாதபுரம் ஜில்லா. 1985இல்தான் தேவகோட்டை சிவகங்கைப் பக்கம் போனது. ஆகவே இரண்டு கலெக்டர் அலுவலகத்திலும் விசாரிக்க வேண்டும். சுற்றுக் கிராமங்களில் தொண்ணூறு தாண்டிய பாட்டிகள் யாராவது இருந்தால் காப்பகத்துக்கு முன்னால் அவர்களிடம் போங்கள். கிடைப்பதை எழுதி அனுப்புங்கள், இங்கேயே போடுகிறேன்.