கயிறுல மெழுகு மாதிரி தொங்குறது வெளிநாட்டு சீ ஸ்கொயர்ட்டா?

மும்பை மஜ்காவ் பக்கம் லாஞ்ச் மெயின்டனன்ஸ் பாக்குற வாசகர் ஒருத்தர் கேட்டிருக்கார்: "ஜெட்டி கயிறை தூக்கினா வெளிர் ஆரஞ்சு கலர்ல வழவழன்னு ஒன்னு, மெழுகு உருகி வழிஞ்ச மாதிரி தொங்குது. இங்கிலாந்துல இருக்குற அண்ணன் பையன் அனுப்புன நோட்டீஸ்ல டைடெம்னம் வெக்சில்லம்னு ஒரு போட்டோ, பாக்க அப்படியே இருக்கு. அதுதானா? பிய்ச்சு போட்டுடவா?"

சார், பிய்ச்சு தண்ணியில மட்டும் போட்டுடாதீங்க. நீங்க சொல்றது சீ ஸ்கொயர்ட் வகை, அதாவது கயிறு, கப்பல் அடிப்பாகம்னு எதுலயாவது ஒட்டிக்கிட்டு கடல்தண்ணியை உறிஞ்சி வடிகட்டி சாப்பிடுற உயிர். இது ஒரே உயிர் இல்ல, ரெண்டு மில்லிமீட்டர்கூட தாண்டாத குட்டி உயிர்கள் ஆயிரக்கணக்குல ஒட்டி வாழுற கூட்டம், பிஞ்ச துண்டு வேற இடத்துல ஒட்டிக்கிட்டு மறுபடி வளந்துடும். எடுக்கணும்னா பக்கெட்ல பிடிச்சு கரைக்கு கொண்டுவந்து வெயில்ல நல்லா காய விடுங்க.

இப்போ அடையாளம். இதை கடல் ஸ்பாஞ்சுனு (கடல்பஞ்சு) நினைக்கிறவங்கதான் ஜாஸ்தி. தண்ணிக்குள்ள இருக்கும்போதே கிட்டப்போய் பாருங்க, மேல் தோல் முழுக்க குண்டூசி முனை அளவு ஓட்டை நெருக்கமா இருக்கும், ஒவ்வொன்னும் ஒரு உயிரோட வாய், நடுநடுவுல கொஞ்சம் பெரிய ஓட்டை, அது எல்லாருக்கும் பொதுவான கழிவு வழி. விரலால லேசா தொட்டா ஓட்டையெல்லாம் சுருங்கி மூடிக்கும், ஸ்பாஞ்ச் அப்படி டக்குனு மூடாது. வெளிய எடுத்துட்டா எல்லாம் சுருங்கி வெறும் சதைப்பிண்டமாத்தான் தெரியும், அதனால போட்டோ தண்ணிக்குள்ளயே எடுங்க, பக்கத்துல ஒரு ஸ்கேல் வச்சு.

வெக்சில்லமானு கேட்டா, எனக்கு சந்தேகம்தான். அது ஜப்பான் பக்கத்து இனம், குளிர்ந்த தண்ணிதான் அதுக்கு வசதி, மும்பை தண்ணியோ வருஷம் முழுக்க வெதுவெதுன்னு இருக்கு. வேல்ஸ்ல ஹோலிஹெட் மரினாவுல 2008-ல கண்டுபிடிச்சு, மிதவைகளை பிளாஸ்டிக்கால சுத்தி மூச்சுமுட்ட வச்சு அழிச்சாங்க, அப்புறமும் திரும்பி வந்துச்சு. அதனாலதான் அங்க அவ்வளவு எச்சரிக்கை.

ஆனா வெக்சில்லம் இல்லேன்னா உள்ளூர் இனம்னு அர்த்தம் இல்ல. இதே குடும்பத்துல பாக்க ஒரே மாதிரி ஏகப்பட்ட இனம் இருக்கு. இதோட குஞ்சு சில மணி நேரம், மிஞ்சிப்போனா ஒரு நாள்தான் நீந்தும், கடல் தாண்டி தானா வர முடியாது, கப்பல் அடிப்பாகத்துல ஒட்டிக்கிட்டுத்தான் வரும். கரீபியன் பக்கத்து மைட்டிலாப்சிஸ் சிப்பி விசாகப்பட்டினத்துலயும் மும்பையிலயும் கால் ஊன்றி இருக்கே, மும்பை மாதிரி பழைய துறைமுகத்துல எது எப்போ வந்துச்சுனு கண்ணால பாத்து சொல்லவே முடியாது. மைக்ராஸ்கோப்ல தோலுக்குள்ள இருக்குற நட்சத்திர வடிவ சுண்ணாம்பு துகளையும் உள்உறுப்பையும் பாக்கணும், இல்ல டிஎன்ஏ பாக்கணும்.

அதுக்கு விரல் நுனி அளவு ரெண்டு துண்டு போதும். ஒன்னை நேரா 95 சதவீத எத்தனால்ல போடுங்க, அது டிஎன்ஏவுக்கு. இன்னொன்னை கடல்தண்ணியில மெந்தால் கட்டி தூவி சில மணி நேரம் மயக்கி, தொட்டா சுருங்காத நிலைக்கு வந்தப்புறம் ஃபார்மலின்ல வைக்கணும், இல்லேன்னா உள்ள எல்லாம் சுருண்டு பாக்கறவங்களுக்கு ஒன்னும் புரியாது. ஃபார்மலின் வேலைக்கு கிளவுஸ் கட்டாயம், தெரிஞ்சவங்களை வச்சே செய்யுங்க. தேதி, எந்த ஜெட்டி, எவ்வளவு ஆழம், பக்கத்துல என்ன கப்பல் நின்னுச்சு, எல்லாத்தையும் பென்சில்ல எழுதி பாட்டிலுக்குள்ளயே போட்டுட்டு, மும்பையில இருக்குற என்ஐஓ (தேசிய கடலியல் நிறுவனம்) இல்ல சிஎம்எஃப்ஆர்ஐ (மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம்) மையத்துக்கு முதல்ல போட்டோவை அனுப்பி கேட்டுட்டு கொண்டுபோங்க.