ரேடார் வாங்கியாயிற்று, அங்கீகாரம் எப்படி?

கேள்வி: எங்கள் துறைமுகத்தில் ரேடார், வி.எச்.எஃப். வானொலி, ஏ.ஐ.எஸ். (கப்பல்கள் தம் அடையாளத்தையும் இருப்பிடத்தையும் தாமாகவே அறிவிக்கும் முறை) கருவிகளைப் பொருத்திவிட்டோம். கரையிலிருந்து கப்பல்களின் நடமாட்டத்தைக் கண்காணித்து வழிகாட்டும் கப்பல் போக்குவரத்துச் சேவையை (வி.டி.எஸ்.) முறைப்படி நடத்த என்னென்ன தயாராக இருக்க வேண்டும்?
– வாசகர், தூத்துக்குடி

பதில்: கருவிகளுக்கு முன்பே முடித்திருக்க வேண்டியது இடர் மதிப்பீடு. போக்குவரத்தின் அளவோ ஆபத்தின் அளவோ நியாயப்படுத்தும் இடத்தில்தான் இந்தச் சேவை என்கிறது கடலில் உயிர்ப் பாதுகாப்புக்கான பன்னாட்டு ஒப்பந்தமான சோலாஸின் 5-ஆம் அத்தியாயத்தின் 12-ஆம் விதி. அந்த நியாயத்தைக் காட்டாத விண்ணப்பம் நிற்காது.

எத்தனை கப்பல்கள், அவற்றின் நீளம், மிதப்பாழம் (நீருக்குள் மூழ்கியிருக்கும் ஆழம்), பாதைகள் குறுக்கிடும் இடம், ஆழம் குறைந்த இடம் எல்லாம் அந்த மதிப்பீட்டில் வர வேண்டும். பலர் ஏ.ஐ.எஸ். பதிவுகளை மட்டும் வைத்துக் கணக்குப் போடுகிறார்கள். சோலாஸ்படி பன்னாட்டுப் பயணத்தில் 300 மொத்த டன்னுக்குக் குறைந்த சரக்குக் கப்பலுக்கே அது கட்டாயமில்லை. வள்ளங்களும் ஃபைபர் படகுகளும் அந்தப் பதிவில் இருக்காது. மீனவர் சங்கங்களிடம் உட்கார்ந்து, படகுகள் எந்த நேரத்தில் கப்பல் வாய்க்காலைக் கடக்கின்றன என்று கேட்டு எழுதுங்கள். மதிப்பீட்டின் முடிவில் கப்பல் வந்து நிற்கும் இடம் (பெர்த்), பைலட் ஏறும் நேரம் ஆகிய தகவல் மட்டும் போதும் என்று தெரிந்தால், அவற்றை மட்டும் தரும் உள்ளூர்த் துறைமுகச் சேவையோடு நிறுத்திக்கொள்வதே நேர்மை.

அடுத்தது எல்லை. பங்கேற்பைக் கட்டாயமாக்குவது 12 கடல் மைல் ஆட்சிக் கடலுக்குள்தான். 40 மீட்டர் உயர ரேடார் ஆன்டெனாவின் அடிவானம் சுமார் 14 கடல் மைல். ஆனால் சிறு படகின் எதிரொலி அலைகளின் எதிரொலியில் அதற்கு வெகுமுன்பே கரைந்துவிடும். கிரேன்களும் கரையோரம் கட்டி நிறுத்தியிருக்கும் உயரமான கப்பல்களும் மறைவுப் பகுதிகளை உண்டாக்கும். அவற்றை வரைபடத்தில் குறித்து, கேமராவோ இரண்டாவது ரேடாரோ ஈடுசெய்யும் என்று காட்டுங்கள்.

அதிகம் சறுக்குவது ஆட்கள் விஷயத்தில். 2021-ஆம் ஆண்டின் கடல்சார் வழிசெலுத்தல் உதவிகள் சட்டத்தின்படி, பயிற்சிச் சான்றிதழ் இல்லாதவர் இந்தச் சேவையை இயக்கக் கூடாது. கடல்வழி உதவிகளுக்கான பன்னாட்டு அமைப்பான ஐயாலாவின் 103 வரிசை வி.டி.எஸ். பாடத்திட்டத்தை முடித்தவர்களும் உங்கள் மையத்திலேயே பணியிடைப் பயிற்சி பெற வேண்டும். இரவு பகலாக இயங்கினால் வாரத்துக்கு 168 மணி நேரம். விடுப்பையும் சேர்த்தால் ஒரு நாற்காலிக்கு ஐந்து பேராவது வேண்டும். மூன்று பேர் என்று எழுதுவது களைப்புக்கு வழி.

வானொலி அலைவரிசை உரிமத்துக்கு மத்திய தொலைத்தொடர்புத் துறையிடம் தனியே விண்ணப்பியுங்கள்.

கேள்வி: நடைமுறைக் கையேட்டில் 'தகவல் சேவை', 'வழிநடத்தல் உதவி' என்று வகை பிரித்து எழுதலாமா?

பதில்: வேண்டாம். அது பன்னாட்டுக் கடல்சார் அமைப்பின் (ஐ.எம்.ஓ.) 1997-ஆம் ஆண்டு ஏ.857(20) தீர்மானத்தின் பிரிப்பு. 2021 டிசம்பரில் வந்த ஏ.1158(32) தீர்மானம் அதை நீக்கிவிட்டது. பழைய கையேட்டை நகலெடுத்தால் இந்தப் பிழை அப்படியே ஒட்டிக்கொண்டு வரும். கப்பலுக்குக் கொடுக்கும் அறிவுறுத்தல் எட்ட வேண்டிய விளைவைச் சொல்வதோடு நிற்கட்டும்; சுக்கானும் எஞ்சினும் மாஸ்டரின் (கப்பல் தலைவரின்) பொறுப்பு.