மிச்ச ஒன்பது மாசம்

வணக்கம் அக்கா,

கீழக்கரைக்கும் பெரியபட்டினத்துக்கும் நடுவில் ஒரு பள்ளியில் விளையாட்டு டீச்சராக இருக்கிறேன். பெண்கள் கால்பந்து லீக் பற்றி நீங்கள் எழுதுவதை விடாமல் படிக்கிறேன். சேது எஃப்.சி. ஆடும் நாட்களில் என் பிள்ளைகளுக்கு ஃபோனில் போட்டுக் காட்டுவேன்.

எங்கள் அணியில் ஒரு பெண். பதினாறு வயது, மிட்ஃபீல்டர், அதாவது நடுக்களத்தில் ஆடுகிறவள். அவள் காலுக்குப் பந்து போனால் மற்ற பிள்ளைகள் தானாக முன்னால் ஓடுவார்கள், அப்படி ஒரு நம்பிக்கை. வெளியூர் கிளப் ஒன்று செலக்‌ஷனுக்குக் கூப்பிட்டிருக்கிறது. அப்பா நாட்டுப்படகில் கடலுக்குப் போகிறவர், அம்மா கடல்பாசி எடுக்கப் போவார். அப்பா முரட்டு மனுஷர் இல்லை. மகள் ஆடுவதை மைதானத்து ஓரம் நின்று பார்த்திருக்கிறார். ஆனால் வீட்டுக்குப் போய்ப் பேசியபோது, “சீசன் மூணு மாசம்னு சொல்றீங்க டீச்சர். மிச்ச ஒன்பது மாசம் எம்புள்ள என்ன செய்யும்?” என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. நீங்கள் என்ன சொல்வீர்கள்?

இன்னும் இரண்டு சின்னக் கேள்வி. அணியில் உள்ள முஸ்லிம் பிள்ளைகள் தலையை மூடிக்கொண்டு ஆடினால் பெரிய போட்டிகளில் கழற்றச் சொல்வார்களா? மணலில் வெறுங்காலோடு பழகிய பிள்ளைகளுக்கு எந்த ஷூ வாங்குவது?

— ஒரு வாசகி (பெயர் வேண்டாம்)

அன்புள்ள டீச்சர்,

அந்த அப்பா கேட்டதுதான் கேட்க வேண்டிய கேள்வி. இந்த நாட்டில் பெண்கள் கால்பந்தை நடத்தியவர்கள் அதை முப்பது வருஷத்துக்கு முன்னாலேயே தங்களைக் கேட்டிருக்க வேண்டும். 1980இலும் 1983இலும் ஆசியக் கோப்பையில் இரண்டாம் இடம் பிடித்த அணி நம்முடையது. அப்புறம் தேசிய அளவில் பெண்களுக்கு ஒரு லீக், ஐ.டபிள்யூ.எல். (இந்தியன் விமன்ஸ் லீக்), வர 2017 ஆகிவிட்டது. நடுவில் ஒரு தலைமுறையே மாநில அணிக்காக வருஷத்துக்கு ஒரு தேசியப் போட்டி ஆடிவிட்டு, ரயிலேறி வீடு வந்து, கல்யாணமாகிப் போனது. திறமை இருந்தது, ஆட ஆசையும் இருந்தது. அடுத்த ஆட்டம் என்றைக்கு என்பதுதான் யாருக்கும் தெரியவில்லை.

அதனால் நான் இந்த லீக்கைப் பார்க்கும்போது யார் சாம்பியன் என்பதற்கு முன்னால், ஒரு பெண்ணுக்கு எத்தனை ஆட்டம் கிடைத்தது என்று எண்ணிப் பார்க்கிறேன். முதல் சீசன் டெல்லியில் நடந்தது. 2017 ஜனவரி கடைசியில் தொடங்கி பிப்ரவரி 14இல் முடிந்தது. 6 அணிகள். கோப்பையை வென்ற மணிப்பூரின் ஈஸ்டர்ன் ஸ்போர்ட்டிங் யூனியன் அந்தச் சுற்றில் ஆடியது மொத்தம் 7 ஆட்டம். 2019 மே மாதம் லூதியானாவில் நம் மதுரை சேது எஃப்.சி. கோப்பையை வென்றதே, இறுதி ஆட்டத்தில் மணிப்பூர் போலீஸ் அணியை 3-1 என்று அடித்து, அப்போதும் 7தான். அன்றைக்கு எனக்கு இருந்த சந்தோஷம் கொஞ்ச நஞ்சமில்லை. ஆனாலும் ஒரு நாட்டின் சாம்பியன் அணி அந்த லீக்கில் ஏழே ஏழு ஆட்டம் ஆடிவிட்டுப் பெட்டியைக் கட்டுகிறது என்றால், அதை லீக் என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

2022இல் புவனேஸ்வரில் 12 அணிகள், ஒவ்வொன்றும் மற்ற எல்லாவற்றோடும் ஒரு முறை மோத வேண்டும் என்று வைத்தார்கள். 11 ஆட்டம். அதன் கடைசி நாளை நீங்கள் பிள்ளைகளுக்குக் காட்டியிருக்கிறீர்களோ தெரியாது, இல்லையென்றால் கட்டாயம் காட்டுங்கள். மே 26. கோகுலம் கேரளாவும் சேதுவும் அதுவரை ஆடிய 10 ஆட்டத்திலும் ஜெயித்துவிட்டு நேருக்கு நேர் நிற்கின்றன. கோகுலத்துக்கு டிரா போதும், சேது ஜெயித்தே ஆக வேண்டும். ஆட்டம் சூடு பிடிக்கும் முன்னாலேயே ரேணு கோல் போட்டுவிட்டார். சேது முன்னால். பிறகு ஆஷாலதா தேவியின் பெனால்டி, கானா நாட்டு எல்ஷடாய், மனிஷா கல்யாண் என்று கோகுலம் திருப்பிக் கொடுத்து 3-1 என்று முடித்தது. தோற்றது நம் பக்கத்து அணி என்றாலும் நான் அதை நல்ல நாளாகத்தான் நினைவில் வைத்திருக்கிறேன். ஒரு மாதத்துக்கும் மேலாக ஏறிக்கொண்டே வந்த ஒரு கதை கடைசி நாளில் முடிந்தது. பதினைந்து நாள் போட்டியில் அப்படி ஒன்று ஏறி வர நேரமே இருக்காது.

அதே கோகுலம் பெண்கள் அந்த ஆகஸ்டில் ஆசிய கிளப் போட்டிக்காக தாஷ்கண்ட் வரை போய், உலகக் கால்பந்து அமைப்பான ஃபிஃபா இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பை இடைநீக்கம் செய்ததால் ஆடாமலேயே திரும்பினார்கள். நிர்வாகத்தின் தப்புக்கு ஆடுகிறவர்கள் விலை கொடுத்தார்கள். இதை நினைத்தால் எனக்கு இன்னும் கோபம் வருகிறது.

2023-24இல்தான் சொந்த ஊரில் ஒரு ஆட்டம், எதிரணியின் ஊரில் ஒரு ஆட்டம் என்ற முறை வந்தது. 7 அணிகள், ஆளுக்கு 12 ஆட்டம், டிசம்பரில் தொடங்கி மார்ச் வரை. ஒடிசா எஃப்.சி. சாம்பியன். அடுத்த சீசனில் 8 அணிகள், 14 ஆட்டம், 2025 ஜனவரியிலிருந்து ஏப்ரல் வரை. ஈஸ்ட் பெங்கால் வென்றது. கோகுலத்தின் ஃபசிலா இக்வாபுட், உகாண்டாக்காரர், அந்த ஒரே சீசனில் 24 கோல் போட்டார். இங்கிலாந்தில் பெண்கள் சூப்பர் லீக் 2011இல் தொடங்கியபோது அங்கேயும் 8 அணிகள், 14 ஆட்டம்தான். பிறகு அங்கே 12 அணிகள், 22 ஆட்டம் என்று வளர்ந்தார்கள். நாம் 2025இல் வந்து நின்ற இடம், அவர்கள் கிளம்பிய இடம்.

ஆட்டத்தின் எண்ணிக்கைக்கு ஏன் இவ்வளவு அழுத்தம் கொடுக்கிறேன் என்றால், அது உங்கள் மாணவியை நேராகத் தொடுகிற விஷயம். ஏழு ஆட்டத்தில் கோப்பையைத் தூக்க வேண்டிய கோச் பதினாறு வயதுப் பிள்ளையை இறக்கிப் பார்க்கமாட்டார். தெரிந்த பதினோரு பேரை வைத்தே ஓட்டுவார். வலி இருந்தாலும் அவர்களையே இறக்குவார். பதினான்கு ஆட்டம் இருந்தால் ஒரு நாள் 3-0 என்று முன்னால் இருக்கும்போது, கடைசி இருபது நிமிஷத்துக்கு அவளை உள்ளே அனுப்பலாம். அவள் தப்பு செய்யலாம், அடுத்த வாரம் திருத்திக்கொள்ளலாம். மிட்ஃபீல்டில் எப்போது நிற்க வேண்டும், எப்போது ஓட வேண்டும் என்பதெல்லாம் பயிற்சியில் பாதிதான் வரும்.

சரி, அப்பாவின் கேள்விக்கு வருகிறேன். அவரிடம் காசுக் கணக்கை மறைக்காமல் சொல்லுங்கள். 2023-24 சீசனிலிருந்து, ஐ.டபிள்யூ.எல். கிளப் ஒவ்வொன்றும் குறைந்தது 10 இந்திய வீராங்கனைகளுக்கு வருஷத்துக்கு 3.2 லட்சம் ரூபாய்க்குக் குறையாமல் ஒப்பந்தம் தர வேண்டும் என்று கூட்டமைப்பு விதி வைத்தது. மாதத்துக்குப் பிரித்தால் இருபத்தாறாயிரத்துச் சொச்சம். ஆனால் பதினோராவது பெண்ணுக்கு அந்த விதி பேசாது. புதிதாகப் போகிற பதினாறு வயதுப் பிள்ளை அந்தப் பத்துப் பேரில் இருப்பாள் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். கிளப்காரர்களிடம் நீங்களே பேசுங்கள். அவள் வயதுப் பிள்ளைகள் போன வருஷம் எத்தனை ஆட்டம் ஆடினார்கள்? பெஞ்சில் உட்கார்ந்ததைச் சொல்லவில்லை, களத்தில் ஆடியது. முழங்கால் போனால் ஸ்கேனுக்கும் ஆபரேஷனுக்கும் யார் பணம் கட்டுவார்கள்? விடுதியில் பெண் வார்டன் இருக்கிறாரா? பள்ளிப்படிப்பு என்னவாகும்? பதினெட்டு வயதுக்குக் கீழே என்பதால் பெற்றோரும் கையெழுத்துப் போட வேண்டியிருக்கும், மூன்று வருஷத்துக்கு மேல் ஒப்பந்தம் போடவும் ஃபிஃபா விதியில் இடமில்லை. அந்தத் தாளை அப்பாவுக்குத் தமிழில் வரி வரியாகப் படித்துச் சொல்லுங்கள். அவசரப்படுத்துகிற கிளப் என்றால் வேண்டாம், அடுத்த வருஷம் வேறொன்று வரும்.

மிச்ச மாதங்களில் செய்ய வேலை இருக்கிறது. மீன்பிடித் தடைக்காலத்தின் 61 நாளும் விசைப்படகு கரையில் நிற்கும்போதுதானே எஞ்சினைப் பிரிக்கிறார்கள், மரவேலை பார்க்கிறார்கள், வலையைச் சீர் செய்கிறார்கள். ஆடுகிறவளுக்கும் அப்படி ஒரு காலம் வேண்டும். உடம்பைத் தேற்ற, படிக்க, மாநில அணிக்கும் பள்ளி அணிக்கும் ஆட. ஆனால் ஒன்பது மாதமும் அப்படியே போகக் கூடாது என்று அப்பா நினைத்தால் அவர் பக்கம்தான் நான்.

வேலை என்று கேட்டால், கடலூர் மாவட்டத்து இந்துமதி கதிரேசனைச் சொல்லுங்கள். இந்திய அணிக்கு ஆடினார், தமிழ்நாடு காவல்துறையில் சப்-இன்ஸ்பெக்டர். 2018இல் கட்டாக்கில் மணிப்பூரை 2-1 என்று வென்று தமிழ்நாடு முதல்முறையாக தேசியப் பட்டம் எடுத்ததே, அந்த அணியில் இருந்தவர். அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது. அதற்குச் சான்றிதழும் படிப்பும் இரண்டும் வேண்டும். அதனால் பிளஸ் டூவை விடச் சொல்கிற யார் பேச்சையும் கேட்காதீர்கள்.

கடலூர் நம்மைப் போலக் கடலோர மாவட்டம்தான். அங்கே மாரியப்பன் என்ற பயிற்சியாளர் வருஷக்கணக்காகப் பெண் பிள்ளைகளை வைத்து ஆட வைத்தார். சுனாமியில் பெற்றோரை இழந்த பிள்ளைகளும் அதில் உண்டு. அவர் பயிற்சி கொடுத்த இந்திரா காந்தி அகாடமி 2018இல் ஷில்லாங்கில் நடந்த ஐ.டபிள்யூ.எல். சீசனில் நாட்டின் பெரிய அணிகளோடு ஆடியது. கடலூர் பிள்ளைகளால் முடிந்தது என்றால் மன்னார் வளைகுடா ஓரத்துப் பிள்ளைகளாலும் முடியும். அம்மாவோடு இடுப்பளவு தண்ணீரில் பாசி எடுத்துப் பழகிய பிள்ளையின் கால் பலத்தைப் பார்த்தவர் யாரும் இதில் சந்தேகப்படமாட்டார்.

இங்கே இல்லாதது ஆட்டம். நம் கடற்கரை ஊர்களில் பையன்களுக்கு மின்னொளிப் போட்டி நடக்கிறது. லைட் கட்டி, மைக் செட் போட்டு, வெளிமாவட்ட அணிகளுக்குச் சாப்பாடும் தங்குமிடமும் கொடுத்து அழகாக நடத்துகிறார்கள். அதே லைட் வெளிச்சத்தில், பையன்களின் இறுதி ஆட்டத்துக்கு முன்னால், நாற்பது நிமிஷம் பெண் பிள்ளைகளுக்குக் கொடுங்கள் என்று கமிட்டிக்காரர்களிடம் கேளுங்கள். தயங்குவார்கள். விடாமல் கேளுங்கள். கூட்டம் வராது என்பார்கள். 1920 டிசம்பரில் இங்கிலாந்தின் லிவர்பூலில் ஒரு பெண்கள் ஆட்டத்தைப் பார்க்க 53,000 பேர் வந்தார்கள். மறு வருஷமே, பெண்களுக்கு இந்த ஆட்டம் பொருந்தாது என்று சொல்லி அந்த நாட்டுக் கால்பந்துச் சங்கம் தன் மைதானங்களைப் பெண்களுக்கு மூடிவிட்டது. திறக்க ஐம்பது வருஷமானது.

இன்னொன்றை நீங்களே தொடங்கலாம். பக்கத்துப் பள்ளிகளில் மூன்று விளையாட்டு டீச்சர்களைப் பிடியுங்கள். உங்களோடு சேர்த்து நான்கு அணி. ஒவ்வொரு அணியும் மற்ற மூன்றோடும் இரண்டு முறை, சொந்த மைதானத்தில் ஒன்று, அவர்கள் மைதானத்தில் ஒன்று. மொத்தம் 12 ஆட்டம், ஆளுக்கு 6. மழைக்காலம் முடிந்து ஜனவரியில் தொடங்கினால் பரீட்சைக்கு முன் சனிக்கிழமைகளில் முடித்துவிடலாம். கோப்பை கூட வேண்டாம், பாயிண்ட் அட்டவணையைப் பள்ளி நோட்டீஸ் போர்டில் ஒட்டினால் போதும். திங்கள்கிழமை காலையில் அதைப் பார்க்கப் பிள்ளைகள் முண்டியடிப்பார்கள். பந்துக்கும் பஸ் காசுக்கும் நான் ஏற்பாடு செய்கிறேன், இதை இங்கே எல்லோரும் பார்க்கத்தான் எழுதுகிறேன்.

தலையை மூடுவது பற்றி: 2014இலேயே அது விதியில் அனுமதிக்கப்பட்டுவிட்டது. துணி கறுப்பாகவோ சட்டையின் முக்கிய நிறத்திலோ இருக்க வேண்டும், சட்டையோடு தைத்து இணைந்திருக்கக் கூடாது, குத்துகிற ஊசி எதுவும் இருக்கக் கூடாது. 2023 உலகக் கோப்பையில் மொராக்கோவின் நுஹைலா பென்சினா ஹிஜாபோடு ஆடினார். யாராவது கழற்றச் சொன்னால் நடுவரிடம் விதியைச் சொல்லிக் கேளுங்கள்.

ஷூ வாங்கும் முன் முழங்காலைக் கவனியுங்கள். முழங்கால் ஜவ்வு கிழிவது பெண்களுக்குப் பையன்களை விடப் பல மடங்கு அதிகம். ஃபிஃபா 11+ என்று இருபது நிமிஷ வார்ம்-அப் ஒன்று இருக்கிறது, யூடியூபில் இலவசம், பந்து தவிர வேறு எதுவும் வேண்டாம். வாரத்தில் இரண்டு மூன்று நாள் தவறாமல் செய்ய வையுங்கள். மணலில் பழகிய கால் செலக்‌ஷனுக்குப் போகிற அன்றைக்குத்தான் முதல்முறையாக இறுகிய தரையில் ஓடக் கூடாது. இப்போதிருந்தே வாரம் இரண்டு நாள் கெட்டித் தரையில் ஆட விடுங்கள். ஷூவுக்கு ரப்பர் அடி, குட்டையான ஸ்டட் (அடியில் துருத்திக்கொண்டிருக்கும் குமிழ்) நிறைய இருப்பதாகப் பாருங்கள். நீளமான ஸ்டட் நம் ஊர்த் தரைக்கு ஆகாது. காலைவிடப் பெரிதாக வாங்கிப் பஞ்சு திணிக்க வேண்டாம், சாயங்காலம் கால் சற்று வீங்கியிருக்கும் நேரத்தில், ஆடும்போது போடும் சாக்ஸோடு போட்டுப் பார்த்து வாங்குங்கள். அவளுடைய அளவை எழுதி அனுப்புங்கள். செலக்‌ஷன் தேதியையும் சேர்த்து.

அன்புடன்,
அக்கா