செக்ரோலில் இல்லாத பெயர்

மதிப்பிற்குரிய ஐயா, வணக்கம்.

ரப்பர் தோட்டங்களில் பால்வெட்டுக்குப் போன பெண்களைப் பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்தேன். விடியற்காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டு, தோளில் காவிச் சுமக்கும் காண்டா வாளி, பிள்ளைகளை விட்டுச் செல்லும் ஆயாக்கொட்டகை எல்லாம் அதில் இருந்தன. என் அம்மா மட்டும் இல்லை. கல்யாணமாகி இரண்டு மூன்று வருடம் வெட்டுக்குப் போனவர் 1970-இல் நின்றுவிட்டாராம். அதன் பிறகு கடைசிவரை வீட்டோடுதான் இருந்தார். மாடு, காய்கறிக் கொல்லை, ஆறு பிள்ளைகள். சென்ற ஆண்டு அவர் இறந்தபோது, பாரத்தில் தொழில் என்ற இடத்தில் மலாயில் ‘சூரி ரூமா’, அதாவது இல்லத்தரசி, என்று எழுதினேன். அவருடைய டிரங்குப் பெட்டியில் பழைய சிவப்பு அடையாள அட்டையும் கணக்கெழுதும் சில சிறிய 555 குறிப்புப் புத்தகங்களும் கிடைத்தன. வேலைக்கே போகாத என் அம்மாவைப் போன்றவர்களைப் பற்றி எழுத ஒன்றுமில்லையா? முதலாமாண்டு நினைவஞ்சலியில் அவரைப் பற்றி என்ன போடுவது என்றுகூட எனக்குத் தெரியவில்லை.

ஒரு வாசகர், சுங்கை சிப்புட், மலேசியா

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் குறை நியாயமானது. தோட்டத்து வேலையாட்களின் வருகைப் பதிவேடான செக்ரோலில் பெயர் இருந்த பெண்களை மட்டுமே தொழிலாளிகளாக எண்ணி அந்தக் கட்டுரையை எழுதிவிட்டேன். அதை எழுதும் தோட்டத்துக் குமாஸ்தாவான கிராணியின் கணக்கையே என் கணக்காகவும் எடுத்துக்கொண்ட பிழை அது. ஆனால் ‘வேலைக்கே போகாத’ என்று நீங்கள் எழுதியதை என்னால் ஏற்க முடியவில்லை. அதற்கு மறுப்பு உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது: 1970, சிவப்பு அட்டை.

நிரந்தரவாசியாக இருந்தும் குடியுரிமை பெறாதவர்களுக்குரியது சிவப்பு அட்டை. 1968-ஆம் ஆண்டின் வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டம் நடைமுறைக்கு வந்தபோது, அவர்கள் கூலி வேலை செய்யவும் பெர்மிட் எடுக்க வேண்டும் என்றாயிற்று. குடியுரிமைக்கு மனுப் போடுவதன் அருமை தெரியாமலோ, போட்டும் கிடைக்காமலோ இருந்த பல்லாயிரம் பேர் 1969-க்குப் பின் கப்பலேறித் தமிழ்நாட்டுக்குத் திரும்பினார்கள். கணவனுக்குக் குடிமக்களுக்குரிய நீல அட்டையும் மனைவிக்குச் சிவப்பு அட்டையுமாக இருந்த வீடுகளில் பெண்கள் எங்கும் போகவில்லை. வெட்டுக்கத்தியை இறவாணத்தில் செருகிவிட்டு வீட்டுக்குள் வந்தார்கள். உங்கள் தாயாருக்கும் இதுவே நேர்ந்தது என்று நான் அடித்துச் சொல்லமாட்டேன். ஆயினும் ஆண்டும் அட்டையும் இவ்வளவு பொருந்தும்போது, அவர் தாமாக நின்றாரா, நிறுத்தப்பட்டாரா என்று உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் ஒருமுறை கேட்டுப் பார்ப்பது நல்லது.

எங்கள் லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளில், என் பெரியம்மாவுக்கு அப்படித்தான் நடந்தது. பெரட்டுக்குப் போகாத பெரியம்மா, பெரட்டுக்குப் போகிறவர்களுக்கு முன்பே, நான்கு மணிக்கெல்லாம் எழுந்துவிடுவார். இரண்டு கறவை மாடுகள். பால் அளக்க அவர் வைத்திருந்தது, வாய் மழுங்கத் தேய்க்கப்பட்ட ஒரு கட்டிப்பால் டின். எழுதத் தெரியாது என்பதால், வீட்டுக்கு ஒரு பக்கமாக 555 புத்தகத்தில் டின்னுக்கு ஒரு கோடு இழுத்து, கிராணி வீட்டுப் பக்கத்தின் தலையில் ஒரு மூக்குக்கண்ணாடியும் வேலையை மேற்பார்க்கும் தண்டல் வீட்டுப் பக்கத்தில் ஒரு தொப்பியும் வரைந்திருப்பார். சம்பள நாளன்று அந்தக் கோடுகளை நான் எண்ணிச் சொல்ல, அவர் விரலில் எண்ணிச் சரிபார்ப்பார். பெரும்பாலும் தவறியது நான்தான். பகலில் பால்மர நிரைகளுக்கு நடுவே புல் அறுத்துச் சாக்கில் கட்டித் தலையில் தூக்கி வருவதும், பின்கொல்லையில் மரவள்ளியும் பயற்றங்காயும் சாயூர் மானிஸ் கீரையும் போட்டு, எஞ்சியதைக் கட்டுக்கட்டாக மார்க்கெட்டுக்கு அனுப்புவதும் அவர் வேலை. என் அண்ணன் இடைநிலைப் பள்ளியில் சேர்ந்த ஆண்டு ஒரு கிடாரிக் கன்று விற்கப்பட்டது.

சம்பளம் இல்லாதவருக்கு ஊழியர் சேமநிதியும் இல்லை. அவருக்கு இருந்தது கூட்டு. பன்னிரண்டு பெண்கள் மாதந்தோறும் ஒரு தொகை போட, மாதம் ஒருவர் மொத்தத்தையும் எடுப்பார். கூட்டு நடத்துவதைத் தொழிலாகக் கொள்வதைத் தடைசெய்து 1971-இல் சட்டம் வந்தது. அந்தச் சட்டத்தின் ஆங்கிலப் பெயரிலேயே ‘கூட்டு’ என்ற நம் சொல்தான் நிற்கிறது என்பதைப் பெரியம்மா அறிந்திருந்தால் சிரித்திருப்பார்.

பிறகு பால்மரங்களைச் சாய்த்துச் செம்பனை நட்டார்கள். இளங்கன்றுகளை மாடு கடித்துவிடும் என்று தோட்ட நிர்வாகம் மாடுகளை அகற்றச் சொன்னபோது, பெரியம்மா இரண்டையும் வந்த விலைக்கு விற்றார். அதன் பின் பெரியப்பா குலை அறுக்க, அவர் பின்னால் போய் உதிரிப்பழம் பொறுக்கினார். குலை பழுத்ததற்கு அடையாளமே உதிர்ந்த பழம்தான். எண்ணெய் செறிந்ததும் அதுவே. குனிந்த முதுகு நிமிராமல் புல்லுக்குள்ளிருந்து ஒவ்வொன்றாக எடுத்து அவர் நிரப்பிய சாக்குகள் அத்தனையும் பெரியப்பாவின் பெயரில் எடை போடப்பட்டன. கட்டுச்சோறு கொண்டுபோன மனைவி சற்று ஒத்தாசை செய்தாள் என்பதற்கு மேல் அதற்குப் பெயர் கிடையாது. இதைச் சொல்லும்போது எனக்கு இப்போதும் கொஞ்சம் கோபம் வருகிறது, பெரியப்பாமீதும் சேர்த்துத்தான்.

‘சூரி’ என்றால் மலாயில் அரசி. தமிழிலும் இல்லத்தரசி என்கிறோம். இரண்டு மொழியும் தாராளமாக முடிசூட்டிவிட்டன. வீட்டு வேலையின்போது நேரும் விபத்துக்கும் இழப்பீடு தரும் இல்லத்தரசிகள் சமூகப் பாதுகாப்புச் சட்டம் 2022-இல்தான் வந்தது. ஆண்டுக்கு 120 ரிங்கிட் சந்தா. ஆனால் 55 வயதுக்குள் பதிந்தால்தான் உண்டு என்பதால், நம் வீட்டுப் பெரியவர்களுக்கு அது காலம் கடந்த கதை. உங்கள் மனைவியோ தங்கையோ வேலைக்குப் போகாமல் இருந்தால் அவசியம் பதிந்துவையுங்கள்.

நினைவஞ்சலியைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். பாரத்தில் எழுதியது எழுதியதாக இருக்கட்டும். அந்த 555 புத்தகங்களை உங்கள் மூத்த அக்காவிடம் காட்டுங்கள். ஆறு பிள்ளைகள் இருந்த வீட்டில் கோடு எண்ணியவர் ஒருவராவது இருந்திருப்பார். எத்தனை வீட்டுக்குப் பால் போயிற்று, எத்தனை வருடம் போயிற்று என்று அவர் சொல்வதை அப்படியே எழுதுங்கள். மாடுகளின் பெயரையும் மறக்காமல் கேளுங்கள். பெரியம்மாவின் மாடுகளில் ஒன்று லெட்சுமி; மற்றதன் பெயரை நான் எவ்வளவு யோசித்தும் நினைவுக்குக் கொண்டுவர முடியவில்லை.

அன்புடன்.