கேக் கடைக்காரரும் கிடங்கூர் பிள்ளைகளும்

அன்புள்ள அண்ணனுக்கு, ஸ்தோத்திரம்.

போன ஞாயிறு எங்கள் வாலிபர் கூடுகையில் அமெரிக்காவிலிருந்து வந்த ஒரு பிரசங்கியார் பேசினார். அங்கே இப்போது கிறிஸ்தவனுக்கு வாயைத் திறக்கவே சுதந்திரம் இல்லையாம். ஓரினத் திருமணத்துக்குக் கேக் செய்ய மாட்டேன் என்று சொன்ன ஒரு விசுவாசியை வருஷக்கணக்கில் கோர்ட்டுக்கு அலையவிட்டார்களாம், நாளைக்கு இங்கேயும் இதே கதிதான் என்றார். கூடுகை முடிந்து டீ குடிக்கும்போது உங்களைப் பற்றிப் பேச்சு வந்தது. ஓரினச் சேர்க்கையைக் குற்றமாக்கிய 377-ஆவது பிரிவு விஷயத்தில், அது இனி குற்றமில்லை என்ற உச்ச நீதிமன்றத் தீர்ப்பை நீங்கள் வரவேற்று எழுதினீர்கள். அப்புறம் வேறொரு கட்டுரையில் அந்தக் கேக் கடைக்காரர் பக்கமும் நியாயம் இருக்கிறது என்று போகிற போக்கில் சொல்லியிருந்தீர்கள். இரண்டும் எப்படிப் பொருந்தும்? ஒன்று வேதத்தின் பக்கம் நிற்க வேண்டும், இல்லையென்றால் உலகத்தின் பக்கம். ஆற்றில் ஒரு கால் சேற்றில் ஒரு கால் என்று இருப்பது உங்களுக்கே சரியாகப் படுகிறதா? எங்கள் சபைப் போதகர் ஐயர் உங்களைக் கூப்பிட்டுப் பேச வைக்கலாம் என்கிறார். வருவீர்களா?

ஜெ., பாளையங்கோட்டை

அன்புள்ள தம்பிக்கு, ஸ்தோத்திரம்.

முதலில் அந்தக் கேக் கதையை முழுசாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் மேடைகளில் அதில் பாதிதான் வருகிறது.

கொலராடோ மாநிலத்தில் டென்வர் பக்கத்து ஊர் லேக்வுட். 2012 ஜூலையில் ஜாக் பிலிப்ஸ் என்பவரின் கடைக்கு இரண்டு ஆண்கள் வந்து எங்கள் கல்யாணத்துக்குக் கேக் வேண்டும் என்கிறார்கள், அவர்களில் ஒருவருடைய அம்மாவும் கூட வந்திருக்கிறார். கொலராடோவில் அப்போது அப்படிப்பட்ட திருமணம் சட்டப்படி கிடையாது, ஆகவே மாசசூசெட்ஸ் போய் மணம் முடித்துக்கொண்டு வந்து ஊரில் வரவேற்பு வைப்பதாக ஏற்பாடு. பிலிப்ஸ் சொன்னது இதுதான்: பிறந்தநாள் கேக் செய்து தருகிறேன், குக்கீ, பிரவுனி எல்லாம் விற்கிறேன், ஓரினத் திருமணத்துக்கு மட்டும் கேக் செய்வதில்லை. வந்தவர்கள் எழுந்து போய்விட்டார்கள். இவர் ஹாலோவீனுக்கும் கேக் செய்யாதவர், அதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். மாநிலத்தின் சிவில் உரிமை ஆணையம் இவர் சட்டத்தை மீறிவிட்டார் என்றது, இவர் கல்யாணக் கேக் செய்வதையே நிறுத்திவிட்டு வழக்கை மேலே கொண்டுபோனார். 2018 ஜூன் 4 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஏழுக்கு இரண்டு என்ற கணக்கில் அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. ஜெயித்தார் என்பதைப் பிரசங்கியார் சொன்னாரா?

ஏன் ஜெயித்தார் என்பது அதைவிட முக்கியம். கேக் செய்ய மறுக்க அவருக்கு உரிமை உண்டா என்ற கேள்விக்கு நீதிமன்றம் பதிலே சொல்லவில்லை. ஆணையத்தின் விசாரணையில் ஓர் உறுப்பினர், மத சுதந்திரம் என்ற பெயரில்தான் அடிமை முறையையும் யூதப் படுகொலையையும் நியாயப்படுத்தினார்கள் என்று பேசி, மற்றவர்களைப் புண்படுத்த மதத்தைத் துணைக்கு இழுப்பது படுகேவலமான பேச்சு என்றும் சொல்லிவிட்டார். அதே ஆணையம், ஓரினச் சேர்க்கைக்கு எதிரான வேத வசனங்களைக் கேக்கில் எழுதித் தரச் சொன்ன இன்னொருவரை வேறு மூன்று கடைக்காரர்கள் திருப்பி அனுப்பியபோது கடைக்காரர்கள் செய்தது சரி என்றிருந்தது. தீர்ப்பை எழுதிய நீதிபதி கென்னடி இந்த இரண்டையும் பிடித்துக்கொண்டார். தீர்ப்பு சொல்ல உட்கார்ந்திருக்கும் அரசு, வந்து நிற்பவனுடைய விசுவாசத்தை இளக்காரமாகப் பார்க்கக் கூடாது, அவ்வளவுதான் அந்தத் தீர்ப்பின் சாரம். எனக்கு அதில் முழுச் சம்மதம். மூலக் கேள்விக்குப் பக்கத்தில் அவர்கள் வந்தது 2023-இல், அதே கொலராடோவில் ஓரினத் திருமணத்துக்கு இணையதளம் வடிவமைக்க மாட்டேன் என்ற ஒரு பெண்ணின் வழக்கில். அதையும் மத சுதந்திரமாக எடுத்துக்கொள்ளவில்லை, பேச்சுரிமையாக எடுத்துக்கொண்டுதான் அவருக்குச் சாதகமாகச் சொன்னார்கள். இதற்கு நடுவிலும் ஓரினத் திருமணம் செய்துவைத்தே ஆக வேண்டும் என்று எந்தப் போதகரையும் கட்டாயப்படுத்துகிற சட்டம் அங்கே கிடையாது. வாயைத் திறக்கவே சுதந்திரம் இல்லை என்பதெல்லாம் மைக் கையில் இருக்கும்போது வருகிற வேகம்.

சரி, நான் என்ன நினைக்கிறேன்? கண்ணாடி அலமாரியில் இருக்கிற கேக்கை யார் வந்து கேட்டாலும் கொடுத்துத்தான் ஆக வேண்டும். உட்கார்ந்து பேசி, இன்னாருக்காக, இன்ன சடங்குக்காக என்று புதிதாக ஒன்றைச் செய்து அதன்மேல் எழுதியும் தரச் சொல்லும்போது, இதற்கு என் கை வராது என்று ஒருவர் சொன்னால் அவரை அபராதம் போட்டு வழிக்குக் கொண்டுவர நான் விரும்பமாட்டேன். கோடு எங்கே விழுகிறது என்பதில் சண்டை இருக்கும், அந்தச் சண்டைக்குத்தான் நீதிமன்றம்.

ஆனால் தம்பி, விற்க மாட்டேன், என் விசுவாசம் இடம் தராது என்ற வார்த்தையைக் கேட்டதும் கைதட்டுகிற கிறிஸ்தவர்கள் இன்னொரு வழக்கையும் தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது. தென் கரோலினாவில் பிக்கி பார்க் என்று பார்பிக்யூ இறைச்சி விற்கும் கடைகள் இருந்தன. முதலாளி மாரிஸ் பெசிங்கர். 1964-இல் சிவில் உரிமைச் சட்டம் வந்த பிறகும் கறுப்பின மக்களை உள்ளே உட்கார வைத்துப் பரிமாற மாட்டேன் என்றார். கோர்ட்டில் அவர் வைத்த வாதங்களில் ஒன்று, வெள்ளையரும் கறுப்பரும் கலப்பது கடவுளின் சித்தத்துக்கு விரோதம், ஆகவே இந்தச் சட்டம் என் மத சுதந்திரத்தைப் பறிக்கிறது என்பது. வழக்குப் போட்டவர்களில் முதல் பெயர் ஆன் நியூமன், ஒரு மெதடிஸ்ட் போதகரின் மனைவி. ஆக, கல்லாவில் உட்கார்ந்திருந்தவர் கையிலும் வாசலில் நிறுத்தப்பட்டவர் கையிலும் ஒரே வேதாகமம். 1968-இல் உச்ச நீதிமன்றம் ஒரு நீதிபதிகூட மாறுபடாமல் பெசிங்கரைத் தோற்கடித்தது, அந்த மத வாதத்தை விளையாட்டுத்தனமானது என்று ஓர் அடிக்குறிப்பிலேயே தள்ளிவிட்டது.

இதைப் படிக்கும்போது நமக்கு ஊர் ஞாபகம் வராமல் இருக்குமா? டீக்கடையில் இரட்டை டம்ளர் வைத்தவனும் வழக்கம், ஆசாரம், பெரியவர்கள் காட்டின வழி என்றுதான் பேசினான். இந்துக் கோயில் பக்கம் கை நீட்ட வேண்டாம், திருச்சி மேலப்புதூர் கத்தோலிக்கக் கல்லறைத் தோட்டத்தில் செத்தவர்களையும் சாதி பார்த்துப் பிரித்து ஒரு சுவர் நிற்கிறது. இந்த மண்ணிலிருந்து வருகிற ஒருவன் கடைக்காரரின் மனசாட்சியைப் பற்றிப் பேசும்போது கடை வாசலில் நின்றவனின் முகத்தையும் பார்த்துவிட்டுத்தான் பேச முடியும். பிலிப்ஸும் பெசிங்கரும் ஒன்று என்று நான் சொல்லவில்லை. ஒருவர் ஆளையே உள்ளே விடவில்லை, இன்னொருவர் ஆளுக்கு எல்லாம் விற்பேன், அந்த ஒரு நிகழ்ச்சிக்கு மட்டும் செய்ய மாட்டேன் என்றார். வித்தியாசம் இருக்கிறது, ஆனால் லேக்வுட்டில் எழுந்து போன அந்த இரண்டு பேருக்கு அன்றைக்கு அந்த வித்தியாசம் பெரிதாகத் தெரிந்திருக்காது.

உங்கள் பிரசங்கியார் அடுத்த முறை கிம் டேவிஸ் கதையையும் கொண்டுவருவார், அதையும் சொல்லிவிடுகிறேன். கென்டக்கியில் ரோவன் கவுண்டியின் எழுத்தர், திருமண உரிமம் கொடுக்கிற அதிகாரி. 2015 ஜூனில் நாடு முழுவதும் ஓரினத் திருமணம் செல்லும் என்று தீர்ப்பு வந்ததும் இவர் யாருக்குமே உரிமம் தர மாட்டேன் என்று நிறுத்தினார், கீழே இருந்தவர்களும் கொடுக்கக் கூடாது என்றார். நீதிமன்ற உத்தரவை மீறியதற்காக அந்த செப்டம்பரில் சில நாள் சிறையில் இருந்தார். நம் ஆட்கள் பலர் இவரை, ராஜாவின் கட்டளைக்குப் பணியாத தானியேல் ரேஞ்சுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. அவருடைய முத்திரை அரசாங்கத்தின் முத்திரை, சம்பளமும் உரிமம் கேட்டு வரிசையில் நின்றவர்களின் வரியும் சேர்ந்த பணம். தன் கை படக்கூடாது என்றால் ஒதுங்கி நிற்கலாம், இன்னொருத்தர் கையையும் பிடித்து நிறுத்துவது வேறு. இதற்கு விடை கடைசியில் சாதாரணமாகக் கிடைத்தது: உரிமப் படிவத்தில் எழுத்தரின் பெயரே வர வேண்டாம் என்று 2016-இல் கென்டக்கி சட்டம் போட்டது. எழுத்தரின் மனசாட்சிக்கும் வழி பிறந்தது, வரிசையில் நின்றவர்களுக்கும் காகிதம் கிடைத்தது. இப்படிப்பட்ட வேலையை யாரும் மேடையில் சொல்வதில்லை, அதில் வீரன் இல்லையே.

இப்போது 377. இங்கேதான் நீங்கள் ஆறு, சேறு என்கிறீர்கள். எனக்கு இரண்டு காலும் ஒரே இடத்தில்தான் இருக்கிறது. திருமணத்தைப் பற்றி என் சபை போதிப்பதைத்தான் நானும் விசுவாசிக்கிறேன், அதை எங்கேயும் ஒளித்ததில்லை. ஆனால் 377 என் விசுவாசத்தைக் காப்பாற்றுவதற்காக வந்த பிரிவு இல்லை. வெள்ளைக்காரன் 1860-இல் எழுதிய தண்டனைச் சட்டத்தில், வயது வந்த இரண்டு பேர் தங்கள் சம்மதத்தோடு கதவுக்குள் நடத்துவதற்கு ஆயுள் தண்டனை வரை போகலாம் என்று வைத்தது. கேக் கடைக்காரர் கேட்டது, என்னைச் செய்யச் சொல்லாதே என்று. 377-ஐ வைத்துக்கொள்ளச் சொன்னவர்கள் கேட்டது, அவனைச் சிறையில் போடு என்று. அந்த வழக்கில் சில கிறிஸ்தவ அமைப்புகளும் போய் நின்று, பிரிவை நீக்காதே என்று வாதாடின. எனக்கு வெட்கமாக இருந்தது. 2018 செப்டம்பர் 6-இல் ஐந்து நீதிபதிகளும் ஒருமித்து அது குற்றமில்லை என்று தீர்ப்புச் சொன்னார்கள். ஒரு பேச்சுக்குச் சொல்கிறேன், அதே மாதம் 27-ஆம் தேதி விபசாரத்தைக் குற்றமாக்கிய 497-ஆவது பிரிவையும் ரத்து செய்தார்கள். பத்துக் கட்டளையில் நேராகவே இருக்கிற பாவம் அது, அதற்காக எந்தச் சபையிலும் உபவாச ஜெபம் வைத்ததாக என் காதுக்கு வரவில்லை.

வேதத்தின் பக்கம் நில் என்கிறீர்கள். நிற்கிறேன். கொரிந்து சபையில் படுமோசமான ஒரு ஒழுக்கக்கேடு நடந்தபோது பவுல் சபைக்குள் கடுமையாகப் பேசினார், அதே மூச்சில் புறம்பே இருக்கிறவர்களைத் தீர்ப்பது என் காரியமா என்றும் கேட்டார். ரோம அரசாங்கத்துக்கு மனுப் போட்டுக் கொரிந்து பட்டணத்தைத் திருத்தச் சொல்லவில்லை. நாம் இதைத் தலைகீழாகச் செய்கிறோம். வரதட்சணை வாங்கின மாப்பிள்ளைக்குப் பீடத்தில் நின்று ஆசீர்வாதம், வெளியே யாரோ முன்பின் தெரியாதவர்களுக்குச் சட்டம்.

கடைசியாக ஒன்று, இதைத்தான் முதலில் எழுதியிருக்க வேண்டுமோ என்னவோ. யெகோவா சாட்சிகள் பையைத் தூக்கிக்கொண்டு பாளையங்கோட்டைத் தெருவில் வந்தால் நம் வீடுகளில் என்ன நடக்கும்? கேட் திறக்காது. திரித்துவத்தை மறுக்கிற கள்ளப் போதகர்கள், ஒரு டம்ளர் தண்ணீர்கூடக் கொடுக்காதே என்பார்கள். அவர்கள் போதனையில் எனக்கும் உடன்பாடு இல்லை. கேரளாவில் கோட்டயம் மாவட்டம் கிடங்கூரில் அவர்கள் வீட்டுப் பிள்ளைகள் மூன்று பேர், ஒரு பையனும் இரண்டு பெண்களும், பத்தாம் வகுப்பு, ஒன்பதாம் வகுப்பு, ஐந்தாம் வகுப்பு. தேசிய கீதம் பாடும்போது மரியாதையாக எழுந்து நிற்பார்கள், வாய் மட்டும் திறக்காது. பாடுவது தங்கள் தேவனுக்கு மட்டும் செலுத்த வேண்டியதை வேறொன்றுக்குச் செலுத்துவதாகும் என்பது அவர்கள் விசுவாசம். யாரும் அதைப் பெரிதுபடுத்தவில்லை. 1985 ஜூலையில் ஒரு எம்.எல்.ஏ. கண்ணில் பட்டது, சட்டமன்றத்தில் கேள்வி வந்தது, விசாரணைக் குழு போட்டார்கள், அந்தக் குழுவே பிள்ளைகள் நல்ல பிள்ளைகள், அவமதிப்பு எதுவும் இல்லை என்றது. அப்படியும் ஜூலை 26 அன்று மூவரையும் பள்ளியிலிருந்து நீக்கினார்கள். உயர் நீதிமன்றமும் கைவிட்டது. 1986 ஆகஸ்ட் 11 அன்று உச்ச நீதிமன்றத்தில் நீதிபதி சின்னப்ப ரெட்டி அந்த உத்தரவை ரத்து செய்தார். அந்த எம்.எல்.ஏ.வைத் தீர்ப்பில் அவர் தேசபக்தி மிக்க ஒரு கனவான் என்று குறிப்பிடுகிற இடத்தில் எனக்கு ஒவ்வொரு முறையும் சிரிப்பு வரும். அந்த நம்பிக்கை நமக்குப் பிடிக்கிறதா, நம் புத்திக்கு ஏற்கிறதா என்பது கேள்வியே இல்லை, அவர்கள் அதை உண்மையாகவே மனதார நம்புகிறார்களா என்பதுதான் கேள்வி என்று எழுதினார்.

அவர் துணைக்கு எடுத்துக்கொண்ட அமெரிக்கத் தீர்ப்பும் இவர்கள் பிள்ளைகளுடையதுதான். கொடிக்கு வணக்கம் வைக்க மறுத்த யெகோவா சாட்சிகளின் பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து நீக்கலாம் என்று 1940-இல் அங்கே எட்டுக்கு ஒன்று என்று தீர்ப்பு வந்தது. வந்த கையோடு ஊர் ஊராக அவர்களை அடித்தார்கள், மெய்ன் மாநிலத்தில் அவர்களுடைய மன்றத்தைக் கொளுத்தினார்கள். அடித்தவர்களில் ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குப் போகாதவர்கள் எத்தனை பேர் இருந்திருப்பார்கள் என்று நினைக்கிறீர்கள்? மூன்றே வருஷத்தில், 1943-இல், நீதிமன்றம் தன் தீர்ப்பைத் தானே மாற்றிக்கொண்டது. 2002-இல் தமிழ்நாட்டில் மதமாற்றத் தடைச் சட்டம் வந்தபோது நாம் தொண்டை வறளப் பேசிய மனசாட்சிச் சுதந்திரத்துக்கு நீதிமன்றத்தில் பலம் சேர்த்து வைத்திருந்தது நாம் கேட்டைச் சாத்தி அனுப்புகிற அந்த ஜனங்கள்.

கூட்டத்துக்கு வருகிறேன், ஐயருக்குச் சொல்லிவிடுங்கள். ஞாயிறு மாலை வேண்டாம், சனிக்கிழமை என்றால் நேரம் எடுத்துப் பேசலாம். கிடங்கூர் பிள்ளைகள் வழக்கின் தீர்ப்பை வாலிபர்கள் முன்னாலேயே படித்துவிட்டு வரட்டும், அப்படி ஒன்றும் நீளமில்லை, ஆங்கிலமும் எளிமைதான். முடிந்தால் உங்கள் தெருப் பக்கம் வருகிற சாட்சிகளில் யாராவது ஒருவரையும் கூப்பிடலாமா என்று கேளுங்கள். ஐயர் சம்மதிப்பாரா என்று சந்தேகம்தான், கேட்டுத்தான் பாருங்களேன்.