எண்ணெய் சுத்திகரிப்பு ஆலைக்கு அருகில் குடியிருந்தால் பெட்ரோல் விலையேற்றம் நம்மைக் குறைவாகப் பாதிக்குமா?

இருபத்திரண்டு ஆண்டுகளாக ஒரு சுத்திகரிப்பு ஆலையின் மதிலுக்கு எதிரே குடியிருக்கிறேன். விலையில் சொல்லும்படியாக ஒன்றும் குறையாது. வாடை மட்டும் தாராளமாகக் கிடைக்கும்.

குடிவந்த புதிதில் நானும் உங்களைப் போலத்தான் நினைத்தேன். எதிரிலேயே காய்ச்சி வடிக்கிறார்கள், லாரி வாடகை மிச்சம், நமக்கு மலிவாகத்தானே வர வேண்டும்? தோட்டத்துப் பக்கம் போனால் காய்கறி மலிவு என்பது போன்ற கணக்கு இது. பெட்ரோலில் இந்தக் கணக்கு செல்லாது. அதே சரக்கு வெளியே என்ன விலைக்குப் போகும் என்பதைப் பார்த்துத்தான் ஆலை பெரும்பாலும் விலை வைக்கிறது. குழாயிலோ கப்பலிலோ ஏற்றி எங்கு வேண்டுமானாலும் விற்க முடியும் என்றிருக்கும்போது, எதிர்வீட்டுக்காரன் என்பதற்காக எனக்கு ஏன் குறைத்துத் தர வேண்டும்? நாம் பெட்ரோல் பங்கில் கொடுக்கும் காசில் பெரும்பகுதி கச்சா எண்ணெய்க்கும் வரிக்கும் போய்விடுகிறது. லாரி வாடகை அதில் ஒரு ஓரத்துத் துண்டு.

என் படுக்கையறை ஜன்னலைத் திறந்தால் ஆலையின் எரிகுழாய் தெரியும். உச்சியில் திரி போல ஒரு சிறு தீ எப்போதும் இருக்கும். சில இரவுகளில் அது திடீரென்று பனைமர உயரத்துக்கு எழும்பும். அறைச் சுவர் முழுக்கச் செம்மஞ்சளாகிவிடும். விளக்குப் போடாமலே கடிகாரத்தில் மணி பார்க்கலாம். ஜன்னல் கண்ணாடி கிண்கிண் என்று அதிரும். இவ்வளவு எரிகிறதென்றால் உற்பத்தி அமோகமாக நடக்கிறது, விலை இறங்கப் போகிறது என்று வெகுகாலம் நம்பிக்கொண்டிருந்தேன். அங்கே ஷிப்ட் வேலை பார்த்து ஓய்வுபெற்ற பக்கத்து வீட்டு அண்ணன் இதைக் கேட்டுவிட்டுச் சிரித்தார். “தம்பி, தீ பெரிதானால் உள்ளே ஏதோ தடைபட்டிருக்கிறது என்று அர்த்தம். அழுத்தம் ஏறிவிடக் கூடாதென்று வாயுவை வெளியே விட்டு எரிக்கிறார்கள். இதைப் பார்த்தா சந்தோஷப்பட்டாய்?”

அதன்பிறகு நேர் எதிரான பைத்தியக்காரத்தனம் பிடித்துக்கொண்டது. இரவில் தீ எழும்பினால், விலை ஏறுவதற்கு முன் டேங்கை நிரப்பிவிட வேண்டுமென்று விடிந்ததும் பங்குக்கு ஓடுவேன். ஒரு தடவைகூட அது பலிக்கவில்லை. ஒரு பிரிவு இரண்டு நாள் நின்றால் கையிருப்பை வைத்துச் சமாளித்துவிடுவார்கள். பல ஆலைகள் ஒரே நேரத்தில் முடங்கினால்தான் விலை அசைகிறது. 2017 ஆகஸ்டில் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தைப் புயல் தாக்கியபோது அதுதான் நடந்தது. அமெரிக்காவின் சுத்திகரிப்புத் திறனில் ஏறத்தாழக் கால்பங்கு நின்றுபோனது. பெட்ரோல் விலை ஏறியது. அங்கே கச்சா எண்ணெய் விலையோ இறங்கியது. வாங்கிக் காய்ச்ச வேண்டிய ஆலைகளே வெள்ளத்தில் நின்றால் கச்சா எண்ணெய் யாருக்கு வேண்டும்? அந்த நாட்டிலேயே அதிகமாக எண்ணெய் சுத்திகரிக்கும் மாநிலம் டெக்சாஸ். அப்படியிருந்தும் அங்குள்ள டாலஸ் நகரத்து மக்கள் பங்குகளில் வரிசை கட்டி நின்றார்கள். சொந்த மாநிலத்தில் ஆலைகள் இருந்து என்ன பயன்?

சந்தை விலை இறங்கும்போதும் பெரிதாக எதிர்பார்க்காதீர்கள். ஏறும்போது ராக்கெட், இறங்கும்போது இறகு என்று பொருளாதாரக்காரர்கள் இதற்குப் பெயரே வைத்திருக்கிறார்கள். 2020 ஏப்ரல் 20 அன்று அமெரிக்கக் கச்சா எண்ணெயின் முன்பேர விலை, அதாவது பின்னால் எடுக்கப்போகும் சரக்குக்கு முன்கூட்டியே பேசும் விலை, பூஜ்யத்துக்கும் கீழே போய் பீப்பாய்க்கு மைனஸ் 37.63 டாலரில் முடிந்தது. அன்றைக்கும் பங்கில் காசு கொடுத்துத்தான் பெட்ரோல் போட்டோம்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். ஆலைக்கு அருகில் இருப்பவர் தனியாகக் கவலைப்பட வேண்டிய விஷயம் காற்றுதான். விலை ஊருக்கெல்லாம் பொது. அழுகிய முட்டை நாற்றம் வந்தால் அது ஹைட்ரஜன் சல்பைடு என்ற நச்சு வாயுவாக இருக்கலாம். அளவு மிகுந்தால் அது மூக்கையே மரத்துப்போகச் செய்துவிடும். ஆகவே நாற்றம் நின்றுவிட்டது, ஆபத்தும் போய்விட்டது என்று இருந்துவிடக் கூடாது. காற்றில் கலக்கும் பென்சீன் என்ற வேதிப்பொருள் இன்னும் மோசம், புற்றுநோய் உண்டாக்குவது. அமெரிக்காவில் 2015-இல் வந்த விதிப்படி ஆலைகள் தங்கள் வேலியோரத்தில் பென்சீனை அளக்க வேண்டும். ஆண்டுச் சராசரி கன மீட்டருக்கு 9 மைக்ரோகிராமைத் தாண்டினால் காரணத்தைக் கண்டுபிடித்துச் சரிசெய்ய வேண்டும். அளவீடுகளைப் பொதுமக்களும் பார்க்கலாம். உங்கள் ஆலையில் அப்படி ஏதேனும் அளக்கிறார்களா என்று எழுத்துமூலமாகக் கேளுங்கள். நான் இரண்டு கடிதம் போட்ட பிறகுதான் ஒரு தாளில் நான்கு எண்களை எழுதி அனுப்பினார்கள். எந்த மாதத்து எண்கள் என்று மட்டும் அதில் இல்லை. மூன்றாவது கடிதம் போயிருக்கிறது.

நேற்றிரவும் தீ கொஞ்சம் பெரிதாகவே எரிந்தது. கொடியில் கிடந்த வெள்ளைத் துண்டில் அதற்குள் இரண்டு மூன்று கரும்புள்ளிகள். உதறி உள்ளே போட்டுவிட்டு ஜன்னலைச் சாத்தினேன். வண்டியில் பெட்ரோல் பாதிதான் இருந்தது. காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று படுத்துவிட்டேன்.